மஞ்சள், ஊதா, சிவப்பு

அவருக்குக் காது நன்றாகவே கேட்கும். ஆனால் வாசலில் கழற்றிவிடும் செருப்பைப் போலத்தான் அதை வைத்திருந்தார். முக்கியமான இடங்களுக்குள் நுழையும்போது கையோடு கொண்டுபோவதில்லை.

"காத நம்பாதீங்க தம்பி. தெறந்து பாருங்க."

ஹட்டன் கடைவீதியில் இந்த வாக்கியத்திலிருந்து தப்பித்தவர் யாருமில்லை. நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்தாலும் இதைத்தான் சொல்வார், ஓடுகிற கடிகாரத்தைப் பார்த்தாலும் இதைத்தான் சொல்வார். ஒரு கல்யாண வீட்டில், பாயசம் எப்படி இருக்கிறது என்று பெண்ணின் தகப்பனார் ஆசையாகக் கேட்டார். "எந்தச் சேமியா? பாக்கெட்ட கொண்டாங்க பாப்போம்" என்றார் இவர். அந்த மனுஷனும் சமையல்கட்டுக்கு ஓடி, குப்பையில் கிடந்த பாக்கெட்டைத் தேடி எடுத்துவந்து நீட்டினார். இவர் பின்பக்கத்து எழுத்தையெல்லாம் வாசித்து முடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கும்" என்று தீர்ப்புச் சொன்னார். இவருடைய பாயசம் கப்பில் ஆடை கட்டிக் கிடந்தது.

ஐம்பது வயதைத் தாண்டியவரை ஊரே சின்ன மொதலாளி என்றுதான் கூப்பிட்டது. கீழே அண்ணன்மார் ஜவுளிக்கடையில் சேலை விரித்து மடித்துக்கொண்டிருப்பார்கள். மேல்மாடி அறையில் இவர். சேலைக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. இவருடைய உலகம் ஒரு கையகல வட்டப் பெட்டிக்குள் இருந்தது.

ஃபஸ் பெடல் என்று பெயர். மின்சார கிட்டார் வாசிப்பவர்கள் காலடியில் போட்டு மிதிக்கிற இரும்புப் பெட்டி. மிதித்ததும் கிட்டாரின் சுத்தமான குரல் உடைந்து, கரடுமுரடாகி, நீளும். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வெளிநாட்டில் செய்தவை. தோட்டத்துத் துரைமாரின் கிளப்புகளுக்கு வாசிக்க வந்த பேண்டுகளோடு மலையேறி வந்து, அவர்கள் போன பிறகு இங்கேயே அலுமாரிகளிலும் அட்டைப்பெட்டிகளிலும் தங்கிவிட்டவை. அந்தப் பழைய பெட்டிகளைத் திறந்து, இது எந்த வெர்ஷன் என்று சொல்வதுதான் அவர் பிறவி எடுத்த காரியம்.

வெறுப்போடுதான் ஒப்புக்கொள்கிறேன்: அதில் அவர் சூரர். வெளியே ஒரே வட்டம், ஒரே இரண்டு குமிழ், ஒரே பெயர். உள்ளே வருஷத்துக்கு ஒரு முகம். முதலில் வந்தவற்றில் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள் இரண்டு, தகரத் தொப்பி போட்டுக்கொண்டு பழுப்புப் பலகையில் நிற்கும். பிறகு சிலிக்கான் வந்தது. பலகையின் நிறம் மாறியது, சத்தம் கண்ணாடியைக் கீறுகிற மாதிரி ஆனது. இரண்டுக்கும் நடுவே, கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றிய மாதங்களில் பிறந்த குழப்பப் பிறவிகள் உண்டு. ஒன்றில் முந்நூற்று முப்பது ஓம் இருக்கிற இடத்தில் இன்னொன்றில் நானூற்று எழுபது இருக்கும். ஒன்றில் கம்பி பலகையின் இடது ஓரமாக வரும், அடுத்ததில் வலது ஓரமாக. இங்கிலாந்தில் எவரோ கராஜ் இருட்டில் எடுத்த மங்கல் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். போனை மூக்கருகில் பிடித்து, "மூணாவது வெர்ஷன். ஆனா ரெண்டாவது டிரான்சிஸ்டரு பொறவு மாத்துனது, ஈயத்தோட மினுக்கப் பாருங்க" என்பார். அரைமணி நேரத்தில் அந்தப் பக்கத்திலிருந்து கும்பிடு வரும்.

அறையில் கிட்டார் கிடையாது. ஸ்பீக்கர் கிடையாது. ஒரு பெடலைக்கூட அவர் ஒலிக்கவிட்டுக் கேட்டதில்லை. சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஊசி நீட்டிய மீட்டர், நகைக்கடைக்காரர் கண்ணில் செருகுகிற லென்ஸ், சுவர் முழுக்கச் சீட்டு ஒட்டிய டப்பாக்கள். பக்கத்துக் கட்டடம் பேக்கரி. அதன் போறணை அடுப்பின் புகைக்கூடு இவருடைய சுவரை ஒட்டி ஏறியதால், ஊரே கம்பளிக்குள் கையை ஒளித்துக்கொண்டு திரிகிற நாளிலும் இவர் பனியனோடு உட்கார்ந்திருப்பார். பாண் வேகிற வாசனைக்கு நடுவே, வியர்த்த மூக்கில் லென்ஸ் வழுக்க.

நானுஓயா ஸ்டேஷனில் ஒருநாள், தோளில் கிட்டார் தொங்கவிட்ட தாடிக்கார வெள்ளைக்காரர் ஒருவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பையின் வாயில் வட்டப் பெட்டி எட்டிப் பார்த்தது. இவர் போய் அருகில் உட்கார்ந்தார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். அனுமதி கேட்டாரா என்று எனக்கு நிச்சயமில்லை. சிரித்தார், அவரும் சிரித்தார், பெட்டி திறந்திருந்தது. ரயில் வந்தது. கார்டு, ஏறச் சொல்லி "நகின்ன, நகின்ன" என்று கத்துகிறார். ஒரு கையில் பெட்டியும் மறுகையில் அதன் வயிறும் வாயில் மூடியுமாக அந்த மனிதர் ஓடி ஏறினார். ஜன்னலருகே ஓடிப்போய் இவர் சொன்ன கடைசி வார்த்தை, "நாட் ஒரிஜினல்!" ரயில் போன பிறகு உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். நான்கு ஸ்க்ரூவும் அங்கே இருந்தன. கொண்டுபோய் டப்பாவில் போட்டுச் சீட்டு ஒட்டியிருப்பார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். ஆளையும் இப்படிப் பார்ப்பார் என்பதுதான் சிரிக்க முடியாதது. கடைப்படியில் ஏறுகிற எவரிடமும், "ஒரிஜினலா எந்தப் பக்கம்?" என்பார். தேயிலைத் தோட்டத்துக்கென்று கடல் தாண்டி வந்த எங்கள் ஜனத்திடம் அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் அதிகம். கேட்டவர்கள் கையில் பெரும்பாலும் நிரப்பிக் கையெழுத்து வாங்குகிற ஒரு குடியுரிமைப் பாரம் இருந்தது, பாரத்தின் முடிவில் யாராவது எங்கேயாவது அனுப்பப்பட்டார்கள். இவரிடம் பாரம் இல்லை. வெறும் ஆசைக்குக் கேட்டார். அது இன்னும் எரிச்சல். "உங்க பேச்சுல திருச்சியும் வருது, மதுரையும் வருதே" என்று என்னிடம் ஒருநாள் இழுத்தார். எனக்குத் தெரியாது என்றேன். "அப்ப கலந்தது" என்று தலையாட்டிக்கொண்டார், ஈயத்தின் மினுக்கம் பார்த்தவர் போல.

ரீட்டாவிடமும் கேட்டார். அதைச் சொல்லுமுன் ரீட்டாவைச் சொல்ல வேண்டும்.

எங்கள் இசைக்குழுவில் நான் கீபோர்ட். டிரம்ஸ் வாசிக்கும் மாஸ்டர்தான் தலைவர். ரீட்டா லீடு கிட்டார். பகலில் வட்டகொடைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிற தாய்மாரின் கைக்குழந்தைகளைத் தொட்டிலாட்டுவாள்; ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் கொயரில் வாசிப்பாள்; மற்ற நாளில் அம்மன் திருவிழா, கல்யாணம், பொங்கல் என்று எங்களோடு வேனில் ஏறுவாள். எங்கள் குழுவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. எந்த மேடையானாலும் மல்லாரியில்தான் ஆரம்பிப்போம். சாமி புறப்படும்போது நாதஸ்வரத்தில் வாசிப்பார்களே, அது. எங்களிடம் நாதஸ்வரம் இல்லை. ரீட்டாவின் பெடல் இருந்தது. சர்ச் அலுமாரியில் பழைய பாட்டுப் புத்தகங்களுக்கு அடியில் கிடந்ததை, "எடுத்துட்டுப் போ மகளே, என்ன பொட்டின்னே தெரியல" என்று ஃபாதர் கொடுத்தது. அதை மிதித்துக்கொண்டு வேதக்காரப் பெண் மல்லாரி எடுப்பாள். முதல் சுரம் சீவாளியில் எச்சில் பட்ட கரகரப்போடு கிளம்பி, நிற்கும், நின்றுகொண்டே இருக்கும், மேடைக்கு முன்னால் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த கைகள் அப்படியே நிற்கும். அடுத்த ஊர்க் குழுக்காரர்கள் புதுப்புது பெடல் வாங்கி வந்து மிதித்துப் பார்த்தார்கள். வரவில்லை.

பொம்பளைக்கு எதற்கு லீடு என்பது மாஸ்டரின் பழைய புகைச்சல். அந்த மார்கழியில் வாய்விட்டே சொன்னார்.

"இந்தப் பொங்கல்ல பாத்துருவோம் ரீட்டா. சனம் கை தட்டுனா லீடு ஒனக்கு. இல்லேன்னா கோரஸ்ல நின்னு பாடு. கொரலுதான் நல்லாருக்கே."

"கை தட்டுனா காலம் பூரா எனக்கா மாஸ்டர்?"

"தட்டட்டும், பாப்போம்."

அவளுக்கு அந்தப் பெட்டியை விட்டால் மேடை இல்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட நேரத்தில்தான் குமிழ் கரகரவென்றது.

"தூசிதான் அண்ணே. சின்ன மொதலாளிகிட்ட குடுத்துத் தொடச்சு மட்டும் வாங்கிட்டு வாங்க. வேற எதுலயும் கை வைக்கவேணாம்னு சொல்லிருங்க."

"நீயே போறது?"

"நான் போக மாட்டேன். போன தடவ வயர் வாங்கப் போனதுக்கு, ஒரிஜினலா எந்தப் பக்கம்மான்னாரு. வட்டகொடைன்னேன். அதுக்கு முன்னாடின்னாரு. அதுக்கு முன்னாடி நான் பொறக்கல சார்னேன். உடுவாரா? எங்க ஆளுங்க, அவுங்க ஆளுங்கன்னு தோண்டுறாரு. என்னைய எந்த வெர்ஷன்ல போட்டிருக்கீங்க சார்னு கேட்டேன். அந்த மனுசன் நெசமாவே யோசிக்கிறாரு அண்ணே!"

ஆகவே நான் போனேன்.

நான்கு ஸ்க்ரூ. மூடி விலகியதும் அவர் மூச்சை நிறுத்திக்கொண்டார். பழுப்புப் பலகை, தகரத் தொப்பி இரண்டு. "மொத வெர்ஷன்" என்றார், குழந்தையைத் தொடுகிற குரலில். நாற்பது வருஷமாக மலையில் இருக்கிற மனிதர், ஒரு மலையைப் பார்த்து அந்தக் குரலில் பேசி நான் கேட்டதில்லை. லென்ஸைச் செருகிக் குனிந்தார். குனிந்த வேகத்தில் நிமிர்ந்தார்.

"அடப்பாவி."

"என்ன சார்?"

"வாங்க, இங்க வந்து பாருங்க." லென்ஸை என் கண்ணில் வைத்தார். பலகையில் ஒரு ரெசிஸ்டர். மின்சாரத்தை மட்டுப்படுத்துகிற, அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய உருளை. அதன் உடம்பில் நிறக்கோடுகள். அந்தக் கோடுகள்தான் அதன் அளவு. "இந்த எடத்துல சாம்பல், சிவப்பு, சிவப்பு வரணும். எண்ணாயிரத்து எரநூறு ஓம். இது என்ன? மஞ்சள், ஊதா, சிவப்பு. நாலாயிரத்து எழுநூறு! எந்த வெர்ஷன்லயும் கெடையாது. எவனோ ரேடியோவுல இருந்து புடுங்கி வச்சிருக்கான். கைநாட்டுப் பயலுக."

"ஆனா நல்லாத்தானே கேக்குது சார்."

"காத நம்பாதீங்க தம்பி."

அப்போதே பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? மறுபடி லென்ஸைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். இந்த ஈயம் மட்டும் கொஞ்சம் உருண்டையாக இருக்கிறதே என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒங்களுக்குக் கண்ணு இருக்கு" என்றார். பதினைந்து வருஷம் மேடையில் விரல் தேய வாசித்தவனிடம், உனக்குக் காது இருக்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. யாரோ கண் இருக்கிறது என்றதும் குளிர்ந்துபோனேன். ரீட்டா சொல்லியனுப்பிய வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது.

"செஞ்சிருங்க சார்" என்றேன்.

கத்தரித்தார். கண்ணாடித்தாள் உறையிலிருந்து சாம்பல், சிவப்பு, சிவப்பை எடுத்து வைத்துப் பற்றவைத்தார். மீட்டரின் ஊசியை வைத்தார். "நாலரை வோல்ட்டு. ஒம்பதுல நேர் பாதி. பாத்தீங்களா, நிக்க வேண்டிய எடத்துல நிக்குது." போறணைச் சுவர் அனல் விட்டுக்கொண்டிருந்தது. என் கம்பளிச் சட்டை மடியில் கிடந்தது. கத்தரித்த துண்டில் ஒரு சீட்டைக் கட்டி, 'வட்டகொடை' என்று எழுதி, அலுமாரியின் மேல்தட்டிலிருந்த பிஸ்கட் டின்னில் போட்டார். டின்னின் மேல் ஒரே வார்த்தை எழுதியிருந்தது: தப்பு.

ரீட்டாவிடம் பெட்டியைக் கொடுத்து, "தொடச்சாச்சு" என்றேன். அன்று மாலை அடுப்படியில் வைத்து வாசித்துப் பார்த்தவள், கரகரப்பு போய்விட்டது அண்ணே என்று சந்தோஷமாகப் போன் பண்ணினாள்.

நுவரெலியாவில் பொங்கல். காலை எட்டு மணி, புல்லில் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. பானைப் புகை மேலே போக மனமில்லாமல் ஆட்களின் முழங்காலைச் சுற்றிக்கொண்டிருந்தது. மாஸ்டர் குச்சியைத் தட்டிக் கணக்குச் சொன்னார். ரீட்டா மிதித்தாள்.

முதல் சுரம் எழுந்தது. நிற்கவில்லை. பாதியில் கம்மி, கிழிந்து, இரண்டு விக்கல் விட்டு அணைந்தது. மறுபடி எடுத்தாள். அதே விக்கல். சட்டென்று குனிந்து பேட்டரியை மாற்றினாள்; குமிழை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினாள். கூட்டத்தில் ஒருவன் வாயில் கைகுவித்துக் கத்தினான்:

"அக்கா, பொட்டிக்குக் குளுருது போல! ஒரு பிளேன்டீ ஊத்துங்க!"

மைதானமே சிரித்தது. மாஸ்டர் குச்சியால் என்னைச் சுட்டினார். கீபோர்டில் நாதஸ்வரம் என்று ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினேன். பிளாஸ்டிக் பொம்மைக்குள்ளிருந்து வருகிற அந்தச் சத்தத்தில் மல்லாரியை வாசித்து முடித்தேன். ஏன் இப்படி ஆனது என்று அந்த மைதானத்தில் ஊகிக்கக்கூடியவன் நான் ஒருவன்தான். அவன்தான் வாசித்துக்கொண்டிருந்தான். ரீட்டா கிட்டாரைக் கழற்றி மேடையோரம் சாய்த்துவிட்டு, கோரஸ் பாடுகிற இரண்டு பெண்களுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

திரும்பும்போது வேனின் கடைசிச் சீட்டில் உட்கார்ந்தாள். பெட்டியைச் சால்வைக்குள் வைத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு வந்தாள். அழுகிறாள் என்று நினைத்தோம். அவள் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள். பின்னேரம் போன் வந்தது.

"அண்ணே, அந்தப் பிளேன்டீக்காரன் சொன்னது சரி. அடுப்புப் பக்கத்துல வச்சா பாடுது. வாசல்ல கொண்டுபோய் கா மணிக்கூறு வச்சேன், விக்குது. மறுவாட்டி அடுப்பு, மறுவாட்டி பாடுது. மூணு தடவ பாத்துட்டேன். அஞ்சு வருசமா இந்தக் குளுருலதான் வாசிக்கிறேன், இப்புடி ஆனதில்ல." பிறகு கேட்டாள்: "தொடச்சது மட்டும்தானா?"

சொன்னேன். எல்லாவற்றையும். கண் இருக்கிறது என்று அவர் சொன்னதை மட்டும் விட்டுவிட்டு.

"நாளைக்குக் காலம்பற போவோம்" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மேல்மாடி அறையில் அவர் எங்களை எதிர்பார்த்தவர் போல, "எப்புடி? இப்பதானே ஒரிஜினல்" என்றார்.

"குளுருல நிக்க மாட்டேங்குது சார். விக்குது."

"விக்கும். ஜெர்மானியம் சூட்டுக்குக் குளுருக்கு மாறும். அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே."

தெரியாமல் செய்தார் என்று இரவெல்லாம் அவருக்காக ஒரு மன்னிப்பைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். தெரிந்திருக்கிறது!

"தெரிஞ்சேதான் மாத்துனீங்களா?" என்றாள் ரீட்டா.

"நான் மாத்தலம்மா. மாத்தியிருந்தத சரி பண்ணுனேன். குளுருல வச்சு வாசிச்சா அதுக்கு சர்க்யூட்டு என்ன பண்ணும்?"

"நுவரெலியாவுல வேற எங்க சார் வச்சு வாசிக்கிறது?"

அது பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக அவருக்குப் படவில்லை. பழைய துண்டு வேண்டும் என்றாள். டின்னை இறக்கிக் கொடுத்தார். கவனமாகக் கொடுத்தார், சீட்டுகள் கலந்துவிடக் கூடாது என்று சொல்லிக் கொடுத்தார்.

ரீட்டா மேசைக் கண்ணாடியில் கொட்டினாள். இருபது முப்பது துண்டுகள். குழந்தைக்குச் சோற்றில் கல் பொறுக்குகிற கையால் ஒவ்வொன்றாக நகர்த்தினாள். மஞ்சள், ஊதா, சிவப்பு. சீட்டு: வட்டகொடை. அவளுடையது. எடுத்துத் தனியே வைத்தாள். கை நிற்கவில்லை. இன்னொரு மஞ்சள், ஊதா, சிவப்பு. சீட்டு: தலவாக்கலை. இன்னொன்று: நானுஓயா. நுவரெலியா என்று இரண்டு. ராகலை. பண்டாரவளை. ஏழையும் ஒரு வரிசையாக அடுக்கினாள். எல்லாக் கால்களிலும் ஒரே மாதிரி உருண்டையான பழைய ஈயம் ஒட்டிக்கொண்டிருந்தது. எழுபதுகளில், சாமான் எதுவும் கப்பலில் வராத காலத்தில், யாரோ ஒருவர் இந்த மலை முழுக்க நடந்து, கிளப்புக்குக் கிளப்பு பெட்டியைத் திறந்து, ரேடியோவிலிருந்து பிடுங்கிய இதை வைத்து மூடியிருக்கிறார். குளிரில் கேட்டுப் பார்த்து வைத்திருக்கிறார். அவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஃபாக்டரி எலக்ட்ரீஷியனோ, பேண்டோடு வந்த ஆளோ. ஏழு தடவை அந்தக் கையெழுத்து சின்ன மொதலாளியின் லென்ஸுக்குக் கீழே வந்திருக்கிறது. ஏழு தடவையும் கத்தரித்து, ஊர்ப் பெயர் எழுதி, மூடியிருக்கிறார்.

"சார்" என்றாள் ரீட்டா. "இது எந்த வெர்ஷன்?"

அவர் லென்ஸைச் செருகிக்கொண்டார். முதல் துண்டிலிருந்து ஏழாவது வரை போனார். திரும்பி வந்தார். கீழே கடையில் அண்ணன் யாரிடமோ சேலைக் கரையைப் புகழ்ந்துகொண்டிருந்தார். நான் அவருடைய கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே ஏதாவது அசையும் என்று. அவர் உட்கார்ந்திருந்த இடத்தில், வேறெந்த நாட்டு நிபுணரும் பார்த்திராத ஒரு வெர்ஷன், வரிசையாக, ஊர்ப்பெயரோடு, படுத்துக் கிடந்தது. கண்டுபிடித்தவர் என்று உலகத்துக்கே படம் அனுப்பியிருக்கலாம்.

நிமிர்ந்தார்.

"ஏழு பேரும் ஒரே தப்ப பண்ணியிருக்கானுங்க" என்றார்.

ரீட்டா தன்னுடைய துண்டை எடுத்துச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டாள். "இத திருப்பி வச்சுக் குடுங்க."

"அது என் கையால முடியாதும்மா. வச்சா அப்பறம் அது ஒரிஜினல் இல்ல."

"இல்லாட்டி போகுது. எனக்கு வாசிக்கணும்."

எதிர்வரிசையில் போன் ரிப்பேர் கடை. அங்கிருந்தவர் அது என்ன பெட்டி என்றுகூடக் கேட்கவில்லை. இரண்டு நிமிஷத்தில் பற்றவைத்து, ஊதி, நீட்டினார். வெளியே தூறல். ரீட்டா மூடியைப் பொருத்துகையில் ஒரு ஸ்க்ரூ கைதவறி, மழைத்தண்ணி ஓடுகிற கானில் விழுந்தது. போகட்டும் என்றாள்.

ரீட்டாவை மறுபடி லீடு வாசிக்கவிட மாஸ்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒரு தடவ மானம் போனது போதும்" என்றார். சனம் மலைக்கு யாத்திரை போகிற சீசன். அந்த மலையடிவாரத்து நல்லதண்ணியில் அடுத்த மேடை, மத்தியானம் மூன்று மணி. மழை மேகம் கடைகளின் தகரத்துக்கு மேல் வந்து உட்கார்ந்திருந்தது. பேசுகிறவர்களின் வாயிலிருந்து புகை வந்தது. கோரஸ் பெண்களோடு நின்ற ரீட்டாவின் தோளில் கிட்டார் சும்மா தொங்கியது, காலடியில் பெட்டி. மல்லாரி என்னுடையது என்று ஏற்பாடு. மாஸ்டர் குச்சியைத் தட்டினார். ஒன், டூ, த்ரீ.

நான் கைகளைக் கம்பளிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மாஸ்டர் முறைத்தார். மறுபடி தட்டினார். நான் கூரைத் தகரத்தைப் பார்த்தேன். மூன்றாவது தடவை தட்டுவதற்குள் அந்தச் சுரம் கிளம்பிவிட்டது. சீவாளி எச்சில் கரகரப்போடு, விக்கல் இல்லாமல், மேகத்துக்குள் ஒரு கம்பியை நுழைக்கிற மாதிரி போய், நின்றது. நின்றுகொண்டே இருந்தது. மலையேறக் கிளம்பிய வெள்ளை உடுப்பு யாத்திரிகர்கள் படியில் திரும்பிப் பார்த்தார்கள். சோளம் வாட்டிக்கொண்டிருந்த பெண் விசிறியை நிறுத்தினாள். மாஸ்டர் எவ்வளவு நேரம்தான் முறைப்பார்? தாளம் அவருடைய கையை இழுத்துக்கொண்டு போனது. கைதட்டல் வந்தபோது ரீட்டா என்னைப் பார்க்கவில்லை. சரிதான். அடுத்த நிகழ்ச்சிக்கு மாஸ்டர் எழுதிய தாளில் லீடு என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது. அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

யாரோ போனில் எடுத்த அந்த மல்லாரி தோட்டம் தோட்டமாகப் போனது. சின்ன மொதலாளிக்கும் போயிருக்கிறது. கீழே கடையிலிருந்த அண்ணன்தான் சொன்னார்: தம்பி அதைச் சத்தத்தை அணைத்துவிட்டு, நிறுத்தி நிறுத்தி, பெரிதாக்கிப் பார்த்தாராம். அன்று மாலை எனக்கு ஒரு செய்தி வந்தது. "மூடியில் ஒரு ஸ்க்ரூவைக் காணோம். கவனிக்கவும்."

பிறகு ஜவுளிக்கடை கைமாறியது. அண்ணன்மார் கொழும்புக்குப் போனார்கள். இவர் டப்பாக்களையெல்லாம் கட்டிக்கொண்டு திருச்சிக்குப் போய்விட்டார். ஒரிஜினலாக அவர்கள் அந்தப் பக்கம். மேல்மாடி அறையில் இப்போது பேக்கரிக்காரர் மா மூட்டை அடுக்கியிருக்கிறார்.

சென்ற வருஷம் சித்திரையில், வேன் வட்டகொடை வளைவில் ஏறிக்கொண்டிருந்தபோது என் போன் துடித்தது. திருச்சி நம்பர். படம் ஒன்று: திறந்த வட்டப் பெட்டி, பழுப்புப் பலகை, தகரத் தொப்பி இரண்டு, சாம்பல், சிவப்பு, சிவப்பு. எல்லாம் அதனதன் இடத்தில். பக்கத்தில் ஒரு மேசை விசிறி பெட்டியைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அடியில் எழுதியிருந்தார்: "இங்கு நாலரை வோல்ட் நிற்கவில்லை. இரண்டாவது டிரான்சிஸ்டர் தொட்டாலே சூடு. நுவரெலியாவில் நீங்கள் வாசிக்கும் நேரம் குளிர் எவ்வளவு இருக்கும்?"

இரண்டு தடவை வாசித்தேன். பெட்டிக்கு வெளியே இருக்கிற ஒன்றைப் பற்றி அவர் கேட்டு நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்ன பதில் போடுவது என்று தெரியாமல் முன் சீட்டிலிருந்த ரீட்டாவிடம் போனை நீட்டினேன். மடியில் பெடல் இருந்தது. மூடியில் இன்னும் மூன்று ஸ்க்ரூதான். படத்தைப் பார்த்தாள், எழுத்தைப் பார்த்தாள், போனைத் திருப்பித் தந்தாள்.

"வந்து நின்னு பாக்கச் சொல்லுங்க" என்றாள்.